இசட்4 கூரை மோட்டார் தண்ணீரில் முங்கிவிட்டது. காப்பாற்றி டிக்கிக்கு மாற்றலாமா?

#1 ஹாரோ வண்டி, 14 அக்டோபர்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2004ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ இசட்4, ஈ85 தலைமுறை. துணிக்கூரை. பொத்தானை அழுத்தினால் சுமார் 10 விநாடியில் மடங்கிப் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். போன சனிக்கிழமை வரை அப்படித்தான் இருந்தது. ஞாயிறு காலை அழுத்தினேன். ஜன்னல் கண்ணாடிகள் இறங்கின, உள்ளே எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். மோட்டாரின் முனகல்கூட இல்லை.

அதற்கு முந்தைய நான்கு நாளும் இங்கே விடாத மழை. காரைத் தெருவில் ஒரு பெரிய பிளேன் (plane) என்ற நிழல்மரத்தடியில்தான் நிறுத்துகிறேன். வடிகுழாய்களைச் சுத்தம் செய்து மூன்று வருடம் ஆகிறது, அது என் தவறு. ஒரு பணிமனையில் காட்டினேன். மோட்டாரும், அது சுற்றும் எண்ணெய் பம்பும் ஒரே தொகுதி, மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை இந்தக் காரை இன்றைக்கு விற்றால் கிடைக்கும் விலையில் பாதி.

எனக்கு இரண்டு கேள்வி. இந்த மோட்டாரைக் காப்பாற்ற முடியுமா? அதைக் கழற்றி டிக்கிக்குள் மாற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், அது சரியான வேலைதானா? காரை விற்க மனமில்லை. என் மகள் பிறந்த வாரத்தில் வாங்கியது.

#2 நட்டுபோல்ட் (பர்மிங்காம்), 14 அக்டோபர்

தம்பி, முதலில் அந்தப் பொத்தானை இனி அழுத்தாதீர்கள். துருவில் சிக்கிய மோட்டாருக்குத் திரும்பத் திரும்ப மின்சாரம் கொடுத்தால் வைண்டிங் (உள்ளே சுற்றிய செம்புக் கம்பி) கருகிவிடும். இப்போதைக்கு அது சிக்கிக்கொண்டு மட்டுமே நிற்கலாம்.

காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும், இருந்தாலும் பின்னால் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஈ85 காரில் கூரை மடங்கி உட்காரும் தொட்டியின் இடது மூலையில், அடிமட்டத்தில் அந்த பம்ப் இருக்கிறது. நம் பிரிட்டன் கார்களில் அது பயணி இருக்கைக்குப் பின்னால் வரும். துணிமேல் விழும் மழை ஓரமாக வழிந்து அந்த மூலைக்குத்தான் வந்து, வடிகுழாய் வழியாகக் காருக்கு அடியில் போக வேண்டும். குழாய் வாயில் நாலு இலை மக்கிச் சேறாகிவிட்டால் மழை போக வழியில்லை. தண்ணீர் ஏறுகிறது, மோட்டார் நடுவில் நிற்கிறது. போதாததற்கு, சத்தம் கேட்காமலிருக்க அதைச் சுற்றி ஒரு நுரை உறை உண்டு. அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே வாரக்கணக்கில் ஈரம்.

மோட்டாரைக் குற்றம் சொல்வதற்கு முன் ஃபியூஸைப் பாருங்கள். பேட்டரியையும் பாருங்கள், இந்த மோட்டார் நிறைய கரண்ட் இழுக்கும். அப்புறம் ரிலே, அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச். இரண்டு ரிலே உண்டு, மோட்டாரை ஒரு பக்கம் சுற்ற ஒன்று, எதிர்ப்பக்கம் சுற்ற ஒன்று. கூரை திறக்கிறது ஆனால் மூடவில்லை என்றால் சந்தேகம் ரிலே மேல். இரண்டுக்கும் அசையவில்லை, ஆனால் ரிலேயின் 'டிக்' கேட்கிறது என்றால் சந்தேகம் மோட்டார் மேல். கடைசிச் சோதனையாக, மோட்டாருக்குப் போகும் இணைப்பில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு இன்னொருவரை ஒரே ஒரு முறை அழுத்தச் சொல்லுங்கள். 12 வோல்ட் வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை, கழற்ற வேண்டியதுதான்.

#3 எஸ்எல் பழசு (ஸ்டுட்கார்ட்), 15 அக்டோபர்

எனக்கு இசட்4 பழக்கமில்லை. ஆனால் ஆர்129 மெர்சிடிஸ் எஸ்எல் வைத்துப் பதினோரு வருடமாக ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) கூரையோடு வாழ்கிறேன். ஒரு முக்கிய விஷயம். கூரை பாதி எழுந்து நிற்கும்போது அதற்கு முட்டுக் கொடுக்காமல் கையை உள்ளே விடாதீர்கள். அதைத் தாங்குவது எண்ணெயின் அழுத்தம் மட்டுமே. எண்ணெய் ஹோஸைக் கழற்றிய நொடியில் இரும்புச் சட்டம் முழு எடையோடு இறங்கும். இரண்டு பக்கமும் மரக்கட்டை வையுங்கள், கயிறும் கட்டுங்கள்.

#4 வைண்டிங் கோவை, 15 அக்டோபர்

வணக்கங்க. நான் கோயம்புத்தூரில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். இந்தக் காரை நேரில் பார்த்ததுகூட இல்லை, ஆனால் தண்ணீரில் முங்கிய மோட்டார் வாரத்துக்கு நாலு வரும். நீங்கள் சொல்வது நிலைக்காந்தம் வைத்த டிசி மோட்டார். அதில் கெடுவதற்கு அதிகம் இல்லை, பயப்படாதீர்கள்.

திறப்பதற்கு முன்னால் ஒரு ஆணியால் மோட்டார் உறையிலிருந்து பம்ப் வரைக்கும் ஒரே கோடு கீறி வையுங்கள். இதைப் பலர் மறந்துவிடுவார்கள். உள்ளே இரண்டு காந்தம் எதிரெதிராக ஒட்டியிருந்தால், உறையைப் பாதிச் சுற்று திருப்பி மாட்டினாலே வடக்கு தெற்கு மாறி மோட்டார் எதிர்த்திசையில் ஓடும். உங்கள் கூரை திற என்றால் மூடப் பார்க்கும்.

உறை வரவில்லை என்று சுத்தியலால் அடிக்கக் கூடாது. காந்தம் பீங்கான் மாதிரி, விரிசல் விட்டுவிடும். துருவை இளக்கும் எண்ணெயை ஓரத்தில் விட்டு ஒரு இரவு வையுங்கள், தானாக வரும்.

திறந்ததும் முதலில் மூக்கைக் கிட்டே கொண்டுபோங்கள். கருகிய நெடி இல்லை என்றால் பாதி வென்றாயிற்று. கார்பன் பிரஷ், அதாவது சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு, அதன் கூட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். துரு சேர்ந்து அது ஒட்டிக்கொண்டதால்தான் பல மோட்டார்கள் 'செத்துப்போச்சு' என்று குப்பைக்குப் போகின்றன. கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசும், செம்புப் பட்டைகள் உள்ள உருளை) 600ஆம் எண்ணுக்கு மேல் நைசான மணல் காகிதத்தால் தேயுங்கள். எமரி தாள் வேண்டாம், அதன் துகள் மின்சாரம் கடத்தும், பட்டைகளுக்கு நடுவே சிக்கினால் ஷார்ட். தேய்த்த பிறகு பட்டைகளின் இடைவெளியை ஊசியால் வழித்துவிடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கம்யூட்டேட்டரிலும் மறுமுனையை ஷாஃப்டிலும் (சுழலும் தண்டு) வைத்தால் தொடர்பு காட்டக் கூடாது. காட்டினால் ஈரம் இன்னும் போகவில்லை அல்லது வைண்டிங் போய்விட்டது.

இன்னொன்று. மோட்டாருக்குள் தண்ணீர் இருந்தால் வெளியிலிருந்து வந்தது. எண்ணெய் இருந்தால் பம்ப் ஷாஃப்டின் சீல் போய்விட்டது. இரண்டும் வேறு வேறு நோய்.

#5 ஹாரோ வண்டி, 19 அக்டோபர்

நேற்று மாமாவை உதவிக்கு அழைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். 12 வோல்ட் வருகிறது, மோட்டார் அசையவில்லை. நட்டுபோல்ட் அண்ணா சொன்னது சரி.

கூரையை இருவருமாக மெதுவாகத் தூக்கி, செங்குத்தாக நிறுத்தி, இரண்டு பக்கமும் கட்டை வைத்தோம். உள் துணியின் கிளிப்புகளை எடுத்துவிட்டு டார்ச் அடித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மூலையில் மூன்று விரற்கடை அளவுக்குக் கறுப்புத் தண்ணீர். தேநீர் டிகாக்‌ஷன் நிறம், மக்கிய இலை வாசம். நுரை உறையைத் தொட்டு அழுத்தினேன், விரல்களுக்கு இடையே தண்ணீர் பொங்கி வந்தது. அதை வெளியே எடுத்துப் பிழிந்ததில் ஒரு வாளியின் அடிப்பாகம் நிறைந்தது.

வடிகுழாய் வாயில் இருந்ததை இலை என்றே சொல்ல முடியாது. பிளேன் மரத்துக் காய் உடைந்தால் பஞ்சு போல ஒன்று பறக்குமே, அது சேற்றோடு கலந்து கம்பளித் துண்டு மாதிரி இறுகியிருந்தது. விரலால் கிள்ளி எடுத்தேன். எடுத்த அடுத்த நொடி 'களக்' என்று சத்தம், தேங்கி நின்ற தண்ணீர் முழுவதும் ஒரு நிமிடத்துக்குள் காருக்கு அடியில் போய்விட்டது. மூன்று வருடத்தில் இரண்டு நிமிட வேலையைச் செய்யாமல் விட்டதை நினைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கோடு கீறிய பிறகுதான் மோட்டாரைத் திறந்தேன். உள்ளே எண்ணெய் இல்லை. காந்தத்துக்கும் ஆர்மேச்சருக்கும் (நடுவில் சுழலும் பகுதி) இடையே கேழ்வரகு மாவு மாதிரி துரு அடைந்திருந்தது. கருகிய நெடி இல்லை! ஒரு பிரஷ் கூட்டுக்குள் அசையவே இல்லை, மற்றது பாதி வெளியே வந்து நின்றது.

#6 வைண்டிங் கோவை, 19 அக்டோபர்

நல்ல செய்திங்க. அந்த மோட்டார் பிழைத்துக்கொள்ளும். அவசரப்பட்டு அடுப்பில் வைத்துவிடாதீர்கள். ஹேர் டிரையர் காற்றில் மிதமான சூட்டில் காய வையுங்கள், அல்லது ரேடியேட்டர் பக்கத்தில் இரண்டு நாள் கிடக்கட்டும். பேரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள், கரகர என்றால் மாற்றிவிடுங்கள். அதன் மேலேயே எண் பொறித்திருக்கும், அந்த எண்ணைச் சொன்னால் எந்தக் கடையிலும் கிடைக்கும். மாட்டும்போது காந்தம் ஆர்மேச்சரை வெடுக்கென்று இழுக்கும், விரல் பத்திரம். பிரஷ்களை நூலால் பின்னுக்கு இழுத்துக் கட்டிவிட்டு, ஆர்மேச்சர் உட்கார்ந்ததும் நூலை உருவிவிடுங்கள்.

#7 எஸ்எல் பழசு, 20 அக்டோபர்

எண்ணெயைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பம்பின் தொட்டியில் இருக்கும் எண்ணெய் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, முழுவதும் மாற்ற வேண்டும். எந்த எண்ணெய் என்பதை உங்கள் காரின் பாக எண்ணை வைத்துக் கேட்டு வாங்குங்கள். ஒரு கம்பெனியின் கூரைக்கு ஊற்றுவது இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று நம்பாதீர்கள். வீட்டில் இருக்கிறதே என்று பிரேக் ஆயிலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஊற்றக் கூடாது. கனிம எண்ணெய்க்கான ரப்பர் சீல்கள் அதில் ஊறி உப்பிவிடும், பிறகு பம்ப், சிலிண்டர் எல்லாமே ஒழுகும்.

எங்கள் ஆர்129 கார்களில் முன் கண்ணாடிக்கு மேலே பூட்டும் சிலிண்டர்களின் சீல் வயதாகி உதிர்ந்து எண்ணெய் சொட்டும். ஒரு கோடைநாளில் என் மனைவியின் வெள்ளைச் சேலையில் சொட்டியது. அதிலிருந்து சீல் விஷயத்தில் நான் சமரசமே செய்வதில்லை.

#8 நட்டுபோல்ட், 20 அக்டோபர்

மோட்டார் பிழைத்தது மகிழ்ச்சி. இனி டிக்கிக்கு மாற்றும் விஷயம். நான் அதற்கு எதிரானவன், ஏன் என்று சொல்கிறேன்.

மோட்டாரைக் கொன்றது இடம் அல்ல, அடைத்த குழாய். மோட்டாரை மேலே ஏற்றிவிட்டால் குழாய் அடைத்தாலும் கூரை ஓடும், உங்களுக்கு எந்த எச்சரிக்கையும் வராது. தண்ணீர் ஏறிக்கொண்டே போய் ஒரு நாள் இருக்கைக்குப் பின்னால் வழிந்து கம்பளத்துக்குள் இறங்கும். கம்பளத்துக்கு அடியில் வயர் இணைப்புகள் உண்டு. அங்கே பச்சைக் களிம்பு பூத்தால் அதைக் கண்டுபிடிக்கிற வேலை இதைவிடப் பத்து மடங்கு. அப்புறம், டிக்கிக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள தகட்டில் துளை போட வேண்டும். சரியாக அடைக்காத துளை டிக்கிக்குள் மழையைக் கொண்டுவரும். இந்தக் காரின் பேட்டரியே டிக்கியில்தான் இருக்கிறது.

இருந்த இடத்திலேயே வைத்து, வருடத்துக்கு இரண்டு முறை குழாயைப் பாருங்கள். போதும்.

#9 டொரன்டோ பனி, 21 அக்டோபர்

நட்டுபோல்ட் அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் நான் மாற்றச் சொல்கிறேன். என்னிடமும் ஈ85 தான். இங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை கார் கொட்டகையில். நிறுத்தும் நாளில் தொட்டியில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அது ஐந்து மாதம் அங்கேயே கிடக்கும். குழாயைச் சுத்தமாக வைத்திருக்கிறேன், இருந்தும் அந்த மூலை முழுக்கக் காய்ந்து நான் பார்த்ததே இல்லை. மின்சார மோட்டார் ஈரமான பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதை எனக்கு ஏற்க முடியவில்லை. இரண்டையும் செய்யலாமே? மாற்றவும் மாற்றுவோம், குழாயையும் பார்ப்போம்.

குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உறைபனியில் துணிக்கூரையை மடக்காதீர்கள். துணி விறைத்திருக்கும், மடிப்பில் விரிசல் விழும்.

#10 ஹாரோ வண்டி, 3 நவம்பர்

இரண்டு பக்க வாதத்தையும் பலமுறை படித்தேன். கடைசியில் மாற்றிவிட்டேன். தெருவில் மரத்தடியைத் தவிர எனக்கு நிறுத்த இடமில்லை. அதுதான் காரணம். நட்டுபோல்ட் அண்ணாவின் எச்சரிக்கைகள் ஒவ்வொன்றையும் மனதில் வைத்துத்தான் செய்தேன். இரண்டு வார இறுதிகள் பிடித்தன. என் காரில் எப்படி நடந்தது என்று எழுதுகிறேன்.

ஹோஸ்கள் எட்டுமா என்பதே பெரிய கவலை. டிக்கியின் இடது ஓர உறையைக் கழற்றிவிட்டு, அளவெடுக்க ஹோஸ் தடிமனில் ஒரு கயிற்றை அதே வழியில் விட்டுப் பார்த்தேன். எட்டியது, இழுபடாமல். ஹோஸை நீட்ட வேண்டிய தேவை இருந்திருந்தால் இந்த வேலையைக் கைவிட்டிருப்பேன். அந்த அழுத்தத்தில் நடுவே ஒரு இணைப்பு வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஒவ்வொரு ஹோஸுக்கும் பம்பில் அதன் வாய்க்கும் ஒரே நிற டேப் ஒட்டினேன். கழற்றியதும் முனைகளைச் சுத்தமான பாலித்தீனால் மூடி ரப்பர் பேண்ட் போட்டேன். ஹைட்ராலிக்கில் ஒரு மணல் துகள் போதும், வால்வு கெட்டுவிடும். தகட்டில் துளை போடும்போது மறுபக்கம் ஈரத்துணி விரித்து இரும்புத் தூளை அதில் பிடித்தேன். வெட்டிய விளிம்பை அரத்தால் மழுக்கி, துருத் தடுப்பு பெயின்ட் இரண்டு பூச்சு அடித்து, காயவிட்டு, ரப்பர் வளையம் மாட்டினேன். ஹோஸ்கள் உள்ளே போன பிறகு சுற்றிலும் சீலன்ட். துளையை முடிந்தவரை உயரத்தில் எடுத்தேன், தொட்டியில் தண்ணீர் ஏறினாலும் அந்த மட்டத்தைத் தொடாது.

வயர் எட்டவில்லை. அதே தடிமனில் வாங்கி நீட்டினேன். பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் உறை) போட்டேன்.

பம்பை எப்படிப் படுக்க வைப்பது என்பதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டேன். தொழிற்சாலையில் எந்த வாக்கில் இருந்ததோ அதே வாக்கில்தான் வைத்தேன். சாய்த்து வைத்தால் பம்பின் தொட்டியில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். அடியில் கனமான ரப்பர் மெத்தை, மேலே புது நுரை. இந்த முறை தண்ணீர் குடிக்காத, மூடிய கண் நுரை.

முதல் முறை பொத்தானை அழுத்தியபோது பம்ப் கீச்சென்று கத்தியது, கூரை நடுங்கி நடுங்கி எழுந்தது. காற்றுதான். நிறுத்தி, எண்ணெய் மட்டம் பார்த்து ஊற்றி, மறுபடி. ஐந்தாவது தடவை சத்தம் தணிந்து ஒரே சீரான முனகல் ஆனது. மகள் வாசலில் நின்று கைதட்டினாள்.

#11 நட்டுபோல்ட், 3 நவம்பர்

நேர்த்தியாகச் செய்திருக்கிறீர்கள் தம்பி. துளையை உயரத்தில் எடுத்ததற்கே என் எதிர்ப்பில் பாதி போய்விட்டது. வயர் இணைப்பை கிரிம்ப் செய்தீர்களா (இடுக்கியால் நசுக்கி இறுக்குவது), ஈயம் வைத்தீர்களா? கார் அதிர்கிற இடம். ஈயம் ஏறிய இடத்தில் வயர் விறைத்து, அதற்கு அடுத்த இடத்தில் முறியும். ஈயம் என்றால் இருபக்கமும் வயரை அசையாமல் கட்டிவிடுங்கள்.

இன்னொரு முக்கியம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். பிரிட்டனில் காரில் செய்யும் மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு இழப்பீடு கேட்கும்போது அதைக் காட்டி மறுக்க இடம் உண்டு.

#12 ஹாரோ வண்டி, 4 நவம்பர்

கிரிம்ப்தான் அண்ணா, சரியான இடுக்கியை நண்பரிடம் இரவல் வாங்கினேன். இன்சூரன்ஸுக்கு இன்று காலையே எழுதிவிட்டேன்.

#13 ஹாரோ வண்டி, 18 ஜனவரி

இரண்டு மாதம் மழையில் நின்ற பிறகு எழுதுகிறேன். கூரை ஒழுங்காக ஓடுகிறது. டிக்கி உலர்ந்திருக்கிறது, துளைக்குக் கீழே ஒட்டிவைத்த டிஷ்யூ தாளில் ஒரு கறைகூட இல்லை. பம்ப் சத்தம் முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கேட்கிறது, அது பரவாயில்லை.

இலை உதிர்ந்து முடிந்த டிசம்பர் முதல் வாரத்தில் குழாயைத் திறந்தேன். ஒரே மாதத்தில் ஒரு கைப்பிடி சேர்ந்திருந்தது! புல் வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிற்றை விட்டுக் குடைந்தேன். காற்றழுத்தம் கொடுக்கவில்லை, குழாய் உள்ளே இணைப்பிலிருந்து கழன்றுவிட்டால் தண்ணீர் எங்கே போகும் என்றே தெரியாது. கடைசியாக ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் விழுகிறதா என்று இருபக்கமும் பார்த்தேன். செப்டம்பரில் ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை என்று நாட்காட்டியில் எழுதிவிட்டேன்.

#14 டொரன்டோ பனி, 19 ஜனவரி

உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். தொட்டி மூலையில் பனிக்கட்டி. மோட்டாரின் அடிப்பாகம் அதற்குள் புதைந்திருக்கிறது. வெந்நீர் ஊற்றலாமா?

#15 ஹாரோ வண்டி, 19 ஜனவரி

வேண்டாம், உருகிய தண்ணீர் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். குழாயிலும் பனி இருக்கும். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், யாரும் தவறிப்போய்ப் பொத்தானை அழுத்திவிடக் கூடாது. கொட்டகையில் ஒரு சிறிய மின்சார ஹீட்டரைக் காரிலிருந்து தள்ளி வைத்து, மெதுவாக உருகவிட்டு, ஸ்பாஞ்சால் அவ்வப்போது ஒற்றி எடுங்கள். நுரை உறையை வெளியே எடுத்துவிடுங்கள். மோட்டார் தெரிந்ததும் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். கோவை அண்ணன் பார்க்கட்டும், அதற்குப் பிறகு திறக்கலாம்.

#16 வைண்டிங் கோவை, 20 ஜனவரி

படத்துக்குக் காத்திருக்கிறேங்க. திறப்பதற்கு முன்னால் அந்தக் கோடு, மறக்க வேண்டாம்.